பட்டியலில் முதலில் இருந்த பெயர்

முதல் வருடம் எம்பிஏ படிக்க ஐந்து பிசினஸ் ஸ்கூல்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கில் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. ஐந்தாவதில் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன், மூன்று வாரம் கழித்து நாசூக்கான ஒரு மறுப்புக் கடிதம் வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நேர்காணல் வரை வந்து தவறியவர்கள் கேட்டால், பதினைந்து நிமிடம் ஃபோனில் காரணம் சொல்வார்கள். கேட்டேன். மறுமுனையில் பேசிய அட்மிஷன் அதிகாரி என் ஜிமேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைப் பற்றியோ வேலை அனுபவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கள் பள்ளியில் ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்த மூன்று பத்திகளையும் படித்தேன். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதையெல்லாம் முதலில் எழுதியது எங்கள் மார்க்கெட்டிங் பிரிவு" என்றார்.

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல். அன்றைக்கு முழுக்க எரிந்தது. மறுநாள் அந்தக் கட்டுரையை எடுத்துப் பள்ளியின் வெப்சைட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'ஒத்துழைப்பு நிறைந்த சூழல்', 'உலகளாவிய பார்வை', 'மாற்றத்தை உருவாக்கும் தலைவர்கள்'. ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. அந்தப் பள்ளியில் படித்த ஒரே ஒரு ஆளிடம்கூட நான் பேசியிருக்கவில்லை.

என் பட்டியல் எப்படி உருவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேங்கிங் பக்கத்தைத் திறந்தேன். முதல் இருபதை எடுத்தேன். என் ஜிமேட்டுக்கு எட்டாதவை என்று தோன்றியதை அடித்தேன். குளிர் அதிகம் என்று ஒன்றை அடித்தேன். மிச்சம் ஐந்து. மொத்த வேலையும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிட்டது. ஒரு லேப்டாப் வாங்க இதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டவன் நான்.

ரேங்கிங்கைத் திட்டுவது இப்போது ஃபேஷன். நான் திட்டப்போவதில்லை. அது எதை அளக்கிறது என்று படித்துவிட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு தகவல்தான். பைனான்ஷியல் டைம்ஸ் 1999-லிருந்து உலகளாவிய எம்பிஏ பட்டியல் வெளியிடுகிறது. அதில் சம்பளத்துக்கும் சம்பள உயர்வுக்கும் சேர்த்தே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை. அந்தச் சம்பளமும் படித்து முடித்து மூன்று வருடம் ஆனவர்களுடையது. அதாவது 2023-இல் வந்த பட்டியல், 2019-இல் வெளியேறியவர்களிடம் கேட்டுத் தயாரித்தது. இரண்டு வருடப் படிப்பு என்றால் அவர்கள் உள்ளே நுழைந்தது 2017. நாம் பார்ப்பது ஒரு பழைய வகுப்பின் ஃபோட்டோ. அதற்குள் டீன் மாறியிருக்கலாம், பாடத்திட்டம் மாறியிருக்கலாம், வேலை கொடுக்கும் துறைகளே மாறியிருக்கலாம்.

கணக்கைக் கொடுப்பதும் பள்ளிதான் என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் பிசினஸ் ஸ்கூலின் ஆன்லைன் எம்பிஏ, யு.எஸ். நியூஸ் பட்டியலில் தொடர்ந்து நான்கு வருடம் முதலிடத்தில் இருந்தது. சேர்ந்த அத்தனை பேரும் ஜிமேட் எழுதியவர்கள் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். உண்மையில் எழுதியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். 2018-இல் குட்டு உடைந்தது. முன்னாள் டீன் மோஷே போரட் 2021-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அடுத்த வருடம் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு வருடத்தில் "நம்பர் ஒன்" என்ற ஒரே காரணத்துக்காக அங்கே சேர்ந்தவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்களும் ஒரு மாலைப்பொழுதில்தான் முடிவெடுத்திருப்பார்கள்.

ரேங்கிங்கைவிட எனக்கு உபயோகமாக இருந்தது எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட், அதாவது படித்து முடித்தவர்களுக்குக் கிடைத்த வேலைகளைப் பற்றிய அறிக்கை. பெரும்பாலான பெரிய பள்ளிகள் வருடா வருடம் இதை வெளியிடுகின்றன. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் இருக்கும். அதை விட்டுவிட்டு அடிக்குறிப்புக்குப் போங்கள். "மூன்று மாதத்துக்குள் வேலை பெற்றவர்கள் 90 சதவீதம்" என்றால், அந்த நூறு சதவீதம் யார்? நூறு பேர் கொண்ட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேரை அவர்களுடைய பழைய நிறுவனமே அனுப்பியிருக்கும். சிலர் சொந்தத் தொழில் தொடங்குவார்கள். சிலர் வேலையே தேடவில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே. மிஞ்சிய 70 பேரில் 63 பேருக்கு வேலை கிடைத்தால் 90 சதவீதம் வந்துவிடும். கணக்கில் பிழை இல்லை, வழக்கமான முறையே அதுதான். ஆனால் 'வேலை தேடவில்லை' என்ற கட்டம் திடீரென்று வீங்கியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அதே அறிக்கையில் எந்தத் துறைக்கு எத்தனை பேர், எந்த நாட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் சம்பளத்தைச் சொன்னார்கள் என்றெல்லாம் இருக்கும். நான் அப்போது ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போக வேண்டும் என்பது ஆசை. என் முதல் பட்டியலில் இருந்த ஐந்து பள்ளிகளின் அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, அதில் இரண்டில் ஹெல்த்கேர் என்ற வரிசையே கிடையாது. 'பிற துறைகள்' என்பதற்குள் அது எங்கேயோ கிடந்தது. ஒரு வருட உழைப்பை அந்தப் பள்ளிகளுக்குக் கொட்டியிருக்கிறேன்.

படிப்பின் நீளத்தைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். பிரான்ஸைச் சேர்ந்த இன்சியாட் பள்ளியில் 10 மாதம். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு வருடம், நடுவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப். ஏற்கெனவே இருக்கும் துறையிலேயே மேலே ஏறப் போகிறவருக்குப் பத்து மாதம் லாபம். சம்பளம் இல்லாத நாட்கள் குறைவு. துறையையே மாற்ற நினைப்பவருக்கு அந்த இன்டர்ன்ஷிப்தான் பாலம். புதிய துறையில் யாரும் நம்மை நேரடியாக நம்பி வேலைக்கு எடுக்க மாட்டார்கள், இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு எடுப்பார்கள். இன்சியாட்டிலேயே ஜனவரியில் சேர்ந்தால் நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பள்ளியில் இதற்கு நேர்மாறு, ஜனவரியில் சேர்ந்தால் இன்டர்ன்ஷிப் இல்லாமல் சீக்கிரம் முடிக்கலாம். ஒரே பள்ளிக்குள்ளேயே எந்த மாதம் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு படிப்புகள்.

பாடம் நடத்தும் முறையும் அப்படித்தான். ஹார்வர்டில் முதல் வருடம் முழுக்க ஏறக்குறைய 90 பேர் கொண்ட ஒரே செக்‌ஷனோடு உட்கார்ந்து கேஸ்களை, அதாவது நிறுவனங்கள் சந்தித்த நிஜப் பிரச்சினைகளை, விவாதிப்பார்கள். இரண்டு வருடத்தில் சுமார் 500 கேஸ். வாயைத் திறந்து பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு. சிகாகோ பூத் வேறு துருவம். லீட் என்ற தலைமைப் பண்பு வகுப்பு ஒன்றைத் தவிர எல்லோருக்கும் பொதுவான கட்டாய வகுப்பு என்று எதுவும் இல்லை. அடிப்படைப் பாடங்களைக்கூட எந்த நிலையில் எடுப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். இரண்டில் எது உயர்வு என்று கேட்டால் பதில் கிடையாது. எனக்கு எது என்று கேட்டால் உண்டு. கூட்டத்தில் நான் வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். அதனாலேயே கேஸ் முறைதான் எனக்குத் தேவை என்று முடிவு செய்தேன். என் நண்பர் ஒருவர் இதே காரணத்துக்காக அதைத் தவிர்த்தார். இருவருமே வருத்தப்படவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடியது. இதற்கு மேல் ஆட்களிடம் பேச வேண்டும். எனக்குக் கை நடுங்கிய இடம் இதுதான்.

லிங்க்ட்இனில் முதலில் இருபது பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் "பிஸி" என்றார். இப்போது அந்தச் செய்தியைப் படித்தால் எனக்கே பதில் போடத் தோன்றாது. என் வாழ்க்கை வரலாறு இரண்டு பத்தி. "உங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்று ஒரு கேள்வி. "என் ப்ரொஃபைலுக்கு இடம் கிடைக்குமா?" என்று இன்னொன்று. முதலாவதற்குப் பதில் வெப்சைட்டில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் அவருக்குத் தெரியாது. அவர் மாணவர்தானே, அட்மிஷன் கமிட்டி இல்லையே.

பிறகு நான்கு வரியில் எழுதக் கற்றுக்கொண்டேன். நான் யார் என்று ஒரு வரி. எத்தனையோ பேர் இருக்க அவரை ஏன் தேடி வந்தேன் என்று ஒரு வரி. நீங்களும் கொள்முதலிலிருந்து மருத்துவமனைப் பக்கம் போயிருக்கிறீர்கள், அதனால்தான் என்பதுபோல. அவரால் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இருபது நிமிடம் பேச முடியுமா, முடியாவிட்டால் எழுத்தில் ஒரு வரி போதும் என்று கடைசி வரி. மூன்றில் ஒருவர் பதில் போட ஆரம்பித்தார்கள்.

காலமும் முக்கியம். இரண்டு வருடப் படிப்பில் முதல் வருட மாணவர்களுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை இன்டர்ன்ஷிப் வேட்டை. அப்போது அவர்கள் கண்ணில் தூக்கமே இருக்காது. பள்ளிகள் வருடத்துக்குச் சில சுற்றுகளாக விண்ணப்பம் வாங்கும். நானோ இரண்டாவது சுற்றான ரவுண்ட் டூவின் கெடு ஜனவரியில் என்பதால் சரியாக டிசம்பரில் போய்க் கதவைத் தட்டியிருந்தேன். மார்ச், ஏப்ரலில் கேட்டால் அதே ஆட்கள் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். ரவுண்ட் ஒன் கெடு பெரும்பாலும் செப்டம்பர் என்பதால், அதற்கு ஐந்தாறு மாதம் முன்னால் பேசி முடித்துவிட்டால் எழுதவும் அவகாசம் கிடைக்கும்.

யாரிடம் பேசுவது? பள்ளியின் வெப்சைட்டில் 'மாணவர் தூதர்கள்' என்று சிரித்த முகங்கள் இருக்கும். நல்லவர்கள், உடனே பதில் போடுவார்கள். ஆனால் அவர்கள் அந்த வேலைக்குத் தாமாகவே முன்வந்தவர்கள், பள்ளியைப் பிடித்தவர்கள். அவர்களோடு நிறுத்திவிட்டால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மாவிடம் விசாரித்த கதைதான். நான் வேறு இரண்டு வகை ஆட்களைத் தேடினேன். ஒன்று, படித்து முடித்து நான்கைந்து வருடம் ஆனவர்கள். கடன், வேலை, பள்ளியின் பெயர் உண்மையில் எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, நினைத்த வேலை கிடைக்காதவர்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் "இதே துறைக்கு முயற்சி செய்து வேறு பக்கம் போனவர் யாராவது உண்டா?" என்று கேட்பேன். ஐந்தில் ஒருவராவது ஒரு பெயர் சொல்வார்.

எல்லோரிடமும் மூன்று கேள்விகளை மாற்றாமல் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்? இங்கே யார் வந்தால் சந்தோஷமாக இருக்க மாட்டார்? உள்ளே வந்தபிறகு எதைப் பற்றி மனம் மாறினீர்கள்? பதில்களை ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்தேன். எல்லோரும் ஒன்றுபோல் சொன்னவற்றில் பெரிய விஷயம் இருக்கவில்லை. முரண்பட்ட இடங்களில்தான் சரக்கு இருந்தது. ஒரே பள்ளியைப் பற்றி ஒருவர் "எல்லோரும் எல்லோருக்கும் உதவுவார்கள்" என்றார், இன்னொருவர் "உங்கள் துறையில் ஆள் இருந்தால்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் துறைக்குப் போனவர். அந்தத் துறைக்கு இரண்டாம் வருடத்தவர்கள் எழுபது எண்பது பேர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். மற்றவர் போக நினைத்த துறையில் முன்னால் போனவர்களே மூன்று பேர்.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் படித்தது என் பட்டியலில் முதலில் இருந்த பள்ளி. முதல் வருடம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிடாத நான்கில் ஒன்று. மறுபடி விண்ணப்பிக்கத் தயாரான வருடமும் அதையே முதலில் வைத்திருந்தேன். பழைய காதல் போல ஒரு பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் வருட மாணவி, ஒரு மருத்துவமனைக் குழுமத்திலிருந்து வந்தவர். ஜூமில் வந்தார். செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

மருத்துவத் துறைக்குப் போக நினைக்கும் மாணவர்களின் ஹெல்த்கேர் கிளப்பில் காகிதத்தில் இருநூறு உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வருவது பத்துப் பன்னிரண்டு பேர் என்றார். அந்தத் துறையிலிருந்து வளாகத்துக்கு வந்து ஆள் எடுத்த நிறுவனங்கள் இரண்டு. மற்றதெல்லாம் அவரவர் சொந்த முயற்சி. "அதைத் தப்பென்று சொல்லவில்லை. எனக்குக் கடைசியில் நல்ல வேலை கிடைத்தது. ஆனால் பள்ளியால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு நான் போன வருடக் கட்டுரையில் பெயர் போட்டு, "இவரிடம் பயில்வது என் கனவு" என்று எழுதியிருந்த பேராசிரியரைப் பற்றிக் கேட்டேன். அவர் எம்பிஏ வகுப்பு எடுப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறதாம். வெப்சைட்டில் ஃபோட்டோ மட்டும் இருந்தது.

அன்றைக்கு இரவே அந்தப் பெயரை அடித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு வாரம் ஆனது. இன்னும் மூன்று பேரிடம் பேசினேன், யாராவது மறுத்துச் சொல்வார்களா என்று. சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பட்டியலுக்குள் வந்தவை என் துறைக்கென்று உள்ளுக்குள் ஒரு அமைப்பே வைத்திருக்கும் இடங்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபூக்வா பள்ளியில் மருத்துவத் துறை நிர்வாகத்துக்கென்று தனிச் சான்றிதழ்ப் படிப்பு எம்பிஏவுக்குள்ளேயே இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் என்ற முதன்மைப் பாடம் உண்டு. ஆனால் அதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிட வேண்டும், உள்ளே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. இதை நான் முதல் வருடமே படித்திருக்கலாம். வெப்சைட்டில்தான் இருந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாததால் கண்ணில் படவில்லை.

பள்ளிகள் ஒரே இடத்தில் கடை விரிக்கும் எம்பிஏ கண்காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்று, ப்ரோஷர் வாங்கி, மூன்று நிமிடம் பேசலாம். ஒரே நாளில் பத்துப் பள்ளிகளின் பெயரைப் பழக்கப்படுத்திக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

அட்மிஷன் அலுவலகத்தோடு எவ்வளவு பேசலாம் என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வேலை இருப்பதை மறக்கக் கூடாது. நிறையப் பேரை விண்ணப்பிக்க வைப்பதும் அவர்கள்தான், அதில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்கள்தான். வெபினாரில் "நீங்கள் அவசியம் விண்ணப்பிக்க வேண்டும்" என்று அன்போடு சொல்வது முதல் வேலை. அதை இரண்டாவது வேலையின் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு நான் ஒரு முறை ஏமாந்தேன். சில பள்ளிகள் விண்ணப்பத்திலேயே எந்த நிகழ்ச்சிக்கு வந்தீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று கேட்கின்றன. கேட்டால் உள்ளதை எழுதுங்கள். அதற்காக ஒரே வெபினாருக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் கை தூக்க வேண்டாம். விசா, ஸ்காலர்ஷிப், வேலை அனுபவத்தைக் கணக்கிடும் முறை போன்றவற்றை மட்டும் மாணவர்களிடம் கேட்காமல் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் சொல்வது அவர் சேர்ந்த வருடத்து விதி.

இவ்வளவு ஆராய்ச்சியும் உதவாத இடம் ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல வருடங்களாக விண்ணப்பதாரர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன் என்பது. எக்செல் தாளில் நாற்பது வரிசை நிரப்பி வைத்திருந்த நான் அந்தக் கேள்வியின் முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை. சொல்ல ஒன்றுமில்லாதபோது சொல்லாமல் இருப்பது மேல் என்று பட்டது.

மற்ற கட்டுரைகள் அந்த வருடம் வேகமாக வந்தன. யாருடைய பெயரையும் தூவவில்லை. போன வருடம் தூவியிருந்தேன், "இன்னாரிடம் பேசி ஊக்கம் பெற்றேன்" என்று. இந்த முறை பேசியதால் என் திட்டத்தில் என்ன மாறியது என்று மட்டும் எழுதினேன். ஒரு முன்னாள் மாணவர், மருத்துவமனைகளில் நிர்வாகப் பொறுப்புக்கு நேரடியாகப் போகாமல் முதலில் காப்பீட்டுப் பக்கம் இரண்டு வருடம் இருந்துவிட்டு வா, அப்போதுதான் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும் என்று சொல்லியிருந்தார். அதனால் என் குறுகிய காலத் திட்டமே மாறியது. அதை எழுதினேன். நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள்.

விண்ணப்பங்களை அனுப்பி முடித்தபின் எக்செல் தாளில் இருந்த எல்லோருக்கும் நன்றி எழுதினேன். எங்கே விண்ணப்பித்தேன், ஏன் என்று இரண்டு வரி. அந்த மாணவிக்கு எழுதுவதற்கு மட்டும் தயக்கமாக இருந்தது. அவருடைய பள்ளிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, அதற்குக் காரணமே அவரோடு பேசியதுதான் என்பதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் அப்படியே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "நல்லது. எனக்கும் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் யோசித்திருப்பேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, நான் விண்ணப்பித்திருந்த வேறொரு பள்ளியில் படிக்கும் அவருடைய பழைய சக ஊழியரின் பெயரும், "நேர்காணலுக்குக் கூப்பிட்டால் இவரிடம் பேசு, நான் சொல்லி வைத்திருக்கிறேன்" என்ற குறிப்பும்.